பழைய புல்லட் சீட்டை வீட்டிலேயே செதுக்கி ரெக்சின் போட முடியுமா? கால் எட்டவில்லை

வலதுகியர்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1986 ஸ்டாண்டர்ட் 350 மூன்று வருடமாகக் கொட்டகையில் நின்றது. போன மாதம்தான் கார்புரேட்டர் கழுவி, பாயிண்ட் மாற்றி, ஓட வைத்தோம். எஞ்சினில் குறை எதுவும் இல்லை. குறை எல்லாம் எனக்கும் சீட்டுக்கும் நடுவில்தான்.

என் உயரம் ஐந்தடி ஒன்று. உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கட்டைவிரல் மட்டும் தரையில் படுகிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதனால் நிறுத்தும்போது இடது கால் பிரேக்கிலேயே இருக்கும், ஊன்றுவது வலது கால்தான். முன் டிரம் பிரேக்கை நம்பி மேட்டில் நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. போன வாரம் ரயில்வே கேட்டில் வலது கால் சரியாக எட்டாமல் வண்டியோடு சாய்ந்து, பக்கத்து ஆட்டோக்காரர் பிடித்து நிறுத்தினார். விழுந்திருந்தால் அந்த எடையைத் தூக்க நான் யாரைக் கூப்பிடுவது?

சீட்டைக் கழற்றிப் பிரித்தேன். ரெக்சின் முன்பக்கம் டேங்க் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. உள்ளே பழைய ஃபோம் கடலை மாவு மாதிரி உதிர்கிறது, கை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், அப்பா இருந்தபோதே ஒரு கடையில் கொடுத்து ‘முழுசா மாத்தியாச்சு’ என்று வாங்கி வந்த சீட் இது. பிரித்தால் பழைய ஃபோமை அப்படியே விட்டு, மேலே தலையணை ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வைத்து மூடியிருக்கிறார்கள். இரண்டே மாதத்தில் ஏன் குழி விழுந்தது என்று அப்பா புலம்பியதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது.

அதனால்தான் கடைக்குக் கொடுக்காமல் நானே செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு உயரம் குறைக்கலாம்? என்ன ஃபோம் வாங்குவது? அம்மாவின் உஷா மெஷினில் ரெக்சின் தைக்க முடியுமா? அப்புறம், அடித்தகட்டில் பின்பக்கம் துருவில் இரண்டு ஓட்டை, ஒன்றில் சுண்டுவிரல் போகிறது. பின்னால் அம்மா உட்காருவார், அதனால் பின் பகுதியைக் குறைக்க வேண்டியதில்லை.

பழையஇரும்பு:

முதலில் தகடு. அதைச் சரிசெய்யாமல் மேலே என்ன வைத்தாலும் வீண்.

ஃபோமை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுக் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். தேய்த்த பிறகு இரண்டு ஓட்டை ஐந்தாகும், பயப்பட வேண்டாம், அவை ஏற்கெனவே இருந்தவைதான், துரு மூடியிருந்தது. தேய்த்து முடித்ததும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசி வெளிச்சம் வருகிற இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். சின்ன ஓட்டைக்கு ரெசின் என்கிற பிசினும் ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி இழைத் துணியும் போதும், ஆனால் தகடு பளபளவென்று தெரியும்வரை தேய்த்திருக்க வேண்டும், துருமேல் ஒட்டினால் ஒரே மழையில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். போல்ட் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை என்றால் ரெசினை நம்ப வேண்டாம், டிங்கர் கடையில் கொடுத்துத் தகடு வைத்து கேஸ் வெல்டிங் செய்துகொள்ளுங்கள். கிரில் கதவு செய்கிற பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள். ஆர்க் வெல்டிங் வைத்தால் இந்த மெல்லிய தகட்டில் ஓட்டை இன்னும் பெரிதாகும். அனுபவம்.

அப்புறம் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பூசி, பாட்டிலில் போட்டிருக்கிறபடி விட்டுத் துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, கறுப்பு எனாமல் இரண்டு கை. உள்பக்கமும் வெளிப்பக்கமும். தகட்டின் ஓரத்தில் வரிசையாகப் பல் மாதிரி நிற்கிறதே, அதில்தான் ரெக்சினைக் குத்தி மடக்க வேண்டும். அதை நிமிர்த்தும்போது ஒரே தடவையில் நிமிர்த்துங்கள், முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் அந்த இடத்தில் பாப் ரிவெட் அடித்துக்கொள்ளலாம், கீழே தெரியப்போவதில்லை.

தண்ணீர் தேங்குகிற தாழ்வான இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டு வையுங்கள். தகடு துருப்பிடித்ததே தண்ணீர் போக வழி இல்லாததால்தான்.

ஒரிஜினல்பிரியன்:

86 சீட்டை வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அது திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் இருந்து வண்டியோடு வந்த தகடாக இருந்தால் இனிமேல் அப்படி ஒன்று கிடைக்காது. சென்னைப் புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளில் தேடினால் இந்த மாடலுக்கு டூப்ளிகேட் சீட் கிடைக்கும், அதை வாங்கி வெட்டுங்கள், ஒட்டுங்கள், என்னவோ செய்யுங்கள். ஒரிஜினலைச் சரிசெய்து பரணில் வையுங்கள். ஸ்பிரிங் வைத்த சிங்கிள் சீட் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், ஆனால் அம்மா எங்கே உட்காருவார்?

குஷன்தாத்தா:

மேலே சொன்ன தம்பி சொல்வதில் பாதி சரி. தகட்டை வெட்டக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஃபோமை வெட்டுவதற்கு என்ன தம்பி? அது உதிர்ந்து மாவாகிப்போச்சு என்று அந்தப் பிள்ளை சொல்கிறது, அதைப் பரணில் வைத்து எலிக்கா கொடுப்பது?

நான் முப்பத்தி இரண்டு வருடம் குஷன் வேலை பார்த்தவன், இப்போது கண் சரியில்லாததால் கடையை மகன் பார்க்கிறான். தங்கச்சி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கால் எட்டாமல் வருகிறவர்கள் எல்லோரும் உயரத்தைக் குறை, உயரத்தைக் குறை என்றுதான் கேட்பார்கள். உயரம் பாதிதான். மீதி அகலம். தொடை விரிந்து நிற்கிற சீட்டில் கால் வெளியே வளைந்துதான் தரைக்குப் போகும், அந்த வளைவிலேயே ஒன்றரை இன்ச் காணாமல் போகும். டேங்கை ஒட்டி முன்பக்கத் தோள் இருக்கிறதே, அங்கே இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கினால் கால் நேராக இறங்கும். நடுவில் ஒரு இன்ச் மட்டும் குறைத்து, தோளை நன்றாகச் சரித்தால் உங்களுக்குப் பாதம் படியும். நடுவிலேயே இரண்டரை இன்ச் குறைத்தால் பத்து கிலோமீட்டர் போவதற்குள் தகடு வாலெலும்பில் குத்தும்.

ஒரு சோதனை செய்யுங்கள். சீட் இல்லாமல் தகட்டை மட்டும் வண்டியில் மாட்டி, மேலே மடித்த போர்வை வைத்து உட்காருங்கள். முன்பக்கம் மட்டும் போர்வை ஓரத்தை உள்ளே மடக்கி ஒரு தடவை, மடக்காமல் ஒரு தடவை. வித்தியாசம் உங்கள் குதிகாலுக்கே தெரியும்.

ஃபோம் கடைக்குப் போனால் ‘40 டென்சிட்டி’ என்பார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று அர்த்தம், கடினம் என்று அர்த்தம் இல்லை. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் வரும், கெட்டியாகவும் வரும். டென்சிட்டி அதிகம் என்றால் சீக்கிரம் குழி விழாது, அவ்வளவுதான். கையால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். தரையில் துண்டைப் போட்டு அதன்மேல் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்து வாங்கு. கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும்.

அடியில் ரீபாண்டட் ஒரு இன்ச், கலர் கலராகத் துண்டு சேர்த்து அழுத்தியது இருக்குமே, அது. அதன்மேல் 40 டென்சிட்டி, தேவையான உயரத்துக்கு. எல்லாம் செதுக்கி முடித்த பிறகு மேலே முழுவதும் அரை இன்ச்சுக்கும் குறைந்த மெல்லிய ஃபோம் ஒரு போர்வை மாதிரி. இந்தப் போர்வை இல்லாவிட்டால் நீங்கள் செதுக்கிய ஒவ்வொரு மேடு பள்ளமும் ரெக்சின் மேல் தெரியும். உடம்பு லேசானவர் என்றால் ரீபாண்டட் முக்கால் இன்ச் போதும், கெட்டியான சீட் கனமான ஆளுக்குத்தான் சுகம்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை. மரத்துக்குப் போடுகிற வெள்ளை ஃபெவிகால் வேண்டாம். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. வாசலில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். பசை வரி நீங்கள் உட்காருகிற எலும்புக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது காய்ந்து கம்பி மாதிரி உறுத்தும்.

வலதுகியர்:

தாத்தா, போர்வை சோதனை செய்தேன். வலது குதிகால் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது! நடுவில் நான் எதையும் குறைக்கவே இல்லை. தகட்டின் முன் அகலம் 9 இன்ச் இருக்கிறது, அதற்கு மேல் குறுக்க முடியாது இல்லையா?

ஃபோமைச் செதுக்குவது எதனால்? பிரெட் கத்தியால் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன், எலி கடித்த மாதிரி வந்தது.

குஷன்தாத்தா:

தகட்டின் அகலம் அடியில்தானே இருக்கிறது. மேல் விளிம்பை உள்ளே சாய்த்துக்கொண்டு போங்கள், கூரை மாதிரி. தொடை படுவது மேல் விளிம்பில்தான்.

வெட்டுவதற்குப் புது ஆக்சா பிளேடு, கைப்பிடி இல்லாமல், ஒரு முனையில் துணி சுற்றி. அழுத்தாமல் நீளமாக இழுங்கள். அழுத்தினால் ஃபோம் அமுங்கும், கோணலாக வெட்டும்.

ஆர்எக்ஸ்நூறு_அக்கா:

நான் கடைக்காரி இல்லை, ஒரே ஒரு சீட் செய்தவள், என் 94 ஆர்எக்ஸ் 100க்கு. அதனால் நான் செய்த தப்புகள் மட்டும் சொல்கிறேன்.

முதல் தப்பு, ஒரு பக்கம் செதுக்கிவிட்டு மறுபக்கத்தைக் கண் அளவில் செதுக்கியது. முடிந்தபோது சீட் ஒரு பக்கம் தோளைத் தூக்கி யோசிக்கிற ஆள் மாதிரி இருந்தது. பழைய மாதக் காலண்டர் அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் வைத்துப் பார், திருப்பி அந்தப் பக்கம் வைத்துப் பார். டேங்க் மூடியில் இருந்து பின் மட்கார்டு வரை ஒரு நூல் கட்டி, நடுக்கோட்டை ஃபோம் மேல் ஸ்கெட்ச் பேனாவில் போட்டுவிடுங்கள். அந்தக் கோடு கடைசிவரை அழியக் கூடாது.

பிளேடால் முரட்டு வடிவம் வந்த பிறகு, ஃபோம் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு 60ஆம் நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தேன். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டால் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அது ஃபோமைக் கவ்விக்கொண்டு கையை விட்டுத் துள்ளும். இரண்டு கையால் பிடித்துச் சும்மா தடவுகிற மாதிரி. மாஸ்க் இல்லாமல் செய்ய வேண்டாம், அந்தத் தூள் மூக்கில் இரண்டு நாள் இருந்தது. வெட்டிய ஃபோமைக் கொல்லையில் போட்டு எரித்துவிடாதீர்கள், அந்தப் புகை விஷம்.

தையல் விஷயம். உஷாவில் தைக்கலாம், ஆனால் ரெக்சின் இரண்டு மடிப்பு வரைதான். பீடிங், அதாவது தையல் ஓரத்தில் கயிறு மாதிரி உருண்டு நிற்கிற பட்டி, வைத்தால் நான்கு மடிப்பு வரும், அங்கே மெஷின் அழும். 18ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் மூன்றரை நான்கு மில்லிமீட்டர். சின்னத் தையல் போட்டால் ரெக்சினில் ஓட்டை வரிசையாகி அஞ்சல் தலை மாதிரி கிழியும். பாலியஸ்டர் அல்லது நைலான் நூல்தான், காட்டன் நூல் மழையிலும் வெயிலிலும் மக்கிவிடும். ரெக்சின் மெஷின் காலடியில் ஒட்டிக்கொண்டு நகராது, அதற்குக் காலடித் தகட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. குண்டூசி குத்தவே கூடாது, குத்திய ஓட்டை மூடாது. துணி காயப்போடுகிற கிளிப் போதும்.

உண்மையைச் சொன்னால், இரண்டாவது தடவை நான் தைக்கவே இல்லை. வெட்டி, கோடு போட்டு, நடு அடையாளத்துக்கு ஓரத்தில் சின்ன வெட்டு வைத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்கூல் பை தைக்கிற அண்ணனிடம் கொடுத்தேன். கோட்டின் மேலேயே தைத்துக் கொடுத்தார், 150 ரூபாய். சீட் கடைக்குக் கொடுத்தால் அவர்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள், பை தைக்கிறவர் நீங்கள் போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்.

அளவு எடுக்கும்போது பழைய கவரைப் பிரித்து வைத்து வெட்டக் கூடாது, உங்கள் சீட் வடிவம் மாறிவிட்டது. புது ஃபோம் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் முழுவதும் ஒட்டி, தையல் வர வேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கோட்டிலேயே வெட்டி எடுத்தால் அதுதான் உங்கள் பேட்டர்ன். சுற்றிலும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர், கீழே மடக்க மூன்று இன்ச் தாராளமாக விடுங்கள்.

ஒரிஜினல்பிரியன்:

ரெக்சின் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். பனியன் துணி மாதிரி ஒட்டியிருந்தால் இழுபடும், கெட்டித் துணி என்றால் இழுபடாது, மூலைகளில் சுருக்கம் நிற்கும். பனியன் துணியிலும் ஒரு பக்கம்தான் அதிகம் இழுபடும், அந்தப் பக்கம் சீட்டின் குறுக்கே வர வேண்டும். சோஃபாவுக்கு என்று வைத்திருப்பதை வாங்க வேண்டாம், நம் ஊர் வெயிலில் தோல் உரியும். வண்டி சீட்டுக்கென்று கேட்டு வாங்குங்கள்.

வெட்டப் போவது உறுதி என்றால், பழைய கவரில் பக்கவாட்டுத் தையல் எத்தனை கோடு, எவ்வளவு இடைவெளி என்று போட்டோ எடுத்துக்கொண்டு அதையே திரும்பப் போடுங்கள். வடிவம் மாறினாலும் பார்க்க 86 மாதிரி இருக்கட்டும்.

பழையஇரும்பு:

மழைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். ஃபோமுக்கும் கவருக்கும் நடுவில் மெல்லிய பாலிதீன் தாள் வையுங்கள், மேலும் பக்கமும் மட்டும். சிலர் ஃபோமை மூட்டை கட்டுகிற மாதிரி அடியிலும் சுற்றிவிடுகிறார்கள், அப்புறம் உள்ளே போன தண்ணீர் ஆயுசுக்கும் காயாது. உட்காரும்போது சரசர என்று சத்தம் வரும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குஷன்தாத்தா:

பாலிதீன் எனக்குப் பிடிக்காது, வேர்க்கும். ஆனால் மழையில் தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் வைக்கட்டும்.

தங்கச்சி, கவர் போடுகிற அன்று ரெக்சினை மத்தியான வெயிலில் கால் மணி நேரம் மொட்டைமாடியில் விரித்துப் போட்டு, சூடாக எடுத்து வந்து போடு. சூட்டில் இழுத்துக் கட்டினால், ஆறும்போது தானே இறுகிக்கொள்ளும். முன் நடுவில் ஒரு பல், பின் நடுவில் ஒரு பல், அப்புறம் இடது நடு, வலது நடு. அங்கிருந்து மாறி மாறி ஓரத்துக்குப் போக வேண்டும். மூலை கடைசி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் கோடு பாம்பு மாதிரி ஓடும், அப்புறம் என்ன இழுத்தாலும் நேராகாது.

கவர் போடுவதற்கு முன்னால் வெறும் ஃபோமோடு வண்டியில் மாட்டி, பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டு. இதை யாரும் செய்ய மாட்டார்கள். செய்தவர்கள் குறை சொல்லித் திரும்ப வரமாட்டார்கள்.

வலதுகியர்:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தகட்டில் ஓட்டை ஏழு வந்தது. போல்ட் பக்கம் இருந்த ஒன்றை டிங்கர் கடையில் அடைத்தேன், மற்றதெல்லாம் ஃபைபர். பல்லில் மூன்று ஒடிந்தது, ரிவெட்.

ஃபோம் நடுவில் ஒரு இன்ச் மட்டும் குறைத்தேன். புடவை சுற்றி இரண்டு நாள் ஓட்டினேன், தெருவில் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் முதல் நாளே தெரிந்தது, முன்பக்கம் சரிவு அதிகமாகிப் பிரேக் போடும்போதெல்லாம் டேங்க் மேல் போய் மோதுகிறேன். கவர் போட்ட பிறகு தெரிந்திருந்தால் அழுதிருப்பேன். முன்பக்கம் ஒரு ஆப்பு வடிவத் துண்டு வெட்டி ஒட்டி, உட்காருகிற இடத்தைச் சமமாக்கினேன். அதோடு அம்மா பகுதிக்கும் என் பகுதிக்கும் நடுவில் தானாகவே ஒரு சின்னப் படி வந்தது, அதில் முதுகின் அடிப்பக்கம் தாங்கலாக இருக்கிறது. அது திட்டம் போட்டு வந்ததில்லை.

உஷாவில் பக்கவாட்டு அலங்காரத் தையல் மட்டும் நான் போட்டேன், பழைய கவரில் இருந்த அதே நான்கு கோடு. பீடிங் தையலுக்குப் பை தைக்கிற கடை. ஃபோம், ரெக்சின், பசை, பெயிண்ட், வெல்டிங், தையல் எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய்.

வலது பாதம் முழுசாகப் படிகிறது. இடது குதிகால் இன்னும் அரை இன்ச் தூக்கித்தான் இருக்கிறது, இருக்கட்டும், அது பிரேக்கில்தானே இருக்கப்போகிறது. நேற்று அதே ரயில்வே கேட்டில் பதினைந்து நிமிடம் நின்றேன்.

ஒரே ஒரு குறை. இடது பக்கம் பின் மூலையில் பீடிங் லேசாக அலைபாய்கிறது, தாத்தா சொன்ன வரிசையை அந்த ஒரு மூலையில் மட்டும் அவசரத்தில் மீறிவிட்டேன். பல்லைத் திரும்ப நிமிர்த்தினால் ஒடியுமா?

குஷன்தாத்தா:

ஒடியும். அந்த மூலையை மட்டும் வெயிலில் காட்டி, உள்ளங்கையால் பின்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்துத் தள்ளிப் பார். கொஞ்சம் போகும். மீதிக்கு அம்மாவை உட்காரச் சொல், மறைந்துவிடும்.